வில்ஃப் போல்ட் பண்ணுவார்

நவம்பர் 4, செவ்வாய்

நாள் முழுக்க வாயில் வேறு பாஷையை வைத்து மென்றுகொண்டிருந்தால், சாயங்காலம் இந்த நாக்கு நம்முடையதுதானா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. அதற்காகவாவது தமிழில் நாலு வரி எழுத வேண்டும் என்று இன்று உட்கார்ந்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இங்கிலாந்தின் வடக்கே, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லம். நம் ஊர் நாசரேத்தில் நான் நர்ஸ். இங்கே கேரர். கழுவிவிட வேண்டும், உடை மாற்ற வேண்டும், ஊட்டிவிட வேண்டும். வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பயம்தான். முதல் மூன்று மாதம் பரீட்சைக் காலமாம். அதில் தேறாவிட்டால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். பாப்பாவையும் அவள் அப்பாவையும் இங்கே கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இன்று மானம் போயிற்று. வில்ஃப் என்று ஒருவர் இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறவர். எனக்கு மேலே இருக்கும் மாரீன், மேனேஜர் ஹெலனிடம், நான் கொடுத்த மதியச் சாப்பாட்டை வில்ஃப் மொத்தமும் 'ஸ்காஃப்' பண்ணிவிட்டார் என்று சொன்னது காதில் விழுந்தது. போனில் தேடினேன். ஏளனம் செய்வது என்று வந்தது. ஐயோ, என் சாப்பாட்டைக் கேலி செய்துவிட்டாரே என்று அவரிடமே போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மாரீனுக்குப் புரிந்துவிட்டது. ஓய்வறை முழுக்கச் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் சிரித்தார்கள்.

இனி யாரிடமும் எதையும் கேட்பதாக இல்லை. தெரிந்த மாதிரி இருந்துவிட வேண்டியதுதான்.

நவம்பர் 6, வியாழன்

சமையலறையில் ஒரு தமிழ் முகம் இருப்பது இன்றுதான் தெரிந்தது. புஸ்பராணி அக்கா, யாழ்ப்பாணம். இங்கே வந்து முப்பது வருசமாம். நான் இடைவேளையில் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டே தயிர்சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இருந்து சாப்பிடும் பிள்ளை. ஏன் இப்பிடி அவக்கு அவக்கெண்டு விழுங்கிறீர்? ஆராவது பின்னாலை கலைச்சுக்கொண்டு வாறாங்களோ?"

தமிழில் திட்டு வாங்கி எத்தனை நாளாயிற்று. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஸ்காஃப் விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. அவசரமாகச் சாப்பிடுவதற்கு இவர்களிடம் ஒரு கூடை வார்த்தை இருக்கிறது என்றார். ஸ்காஃப் என்றால் மிச்சம் வைக்காமல் தின்று தீர்ப்பது, கேலியும் அதே வார்த்தைதான். காபிள் வான்கோழி மாதிரித் தின்பது. உல்ஃப் ஓநாய் மாதிரி. கல்ப் ஒரே மடக்கு. ஸ்விக் பாட்டிலோடு வாயில் சாய்ப்பது. கஸ்ல் குடம் குடமாக இறக்குவது. நல்ல சனங்கள்தான், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் ஒரு மிருகக்காட்சிசாலையே உள்ளே வந்துவிடுகிறது. நம் ஊரில் லபக், மடக் மடக், அவக் அவக் என்று சத்தத்தைச் சொன்னால் போதும், காது உள்ளவனுக்கெல்லாம் புரியும்.

"இன்னும் கனக்க இருக்கு" என்று அக்கா ஆரம்பிப்பதற்குள் அடுப்பு மணி அடித்துவிட்டது. நானும் ஓடிவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் ஷிஃப்ட் மாறும்போது மாரீன் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்வார். பாதி வார்த்தையை அவரே விழுங்கிவிடுவார். இன்று வில்ஃப் முறை வந்தபோது என்னைப் பார்த்து, அவர்மேல் ஒரு கண் வைத்துக்கொள், முக்கியமாகச் சாப்பாட்டு நேரத்தில், வில்ஃப் 'போல்ட்' பண்ணுவார் என்றார். நான் தலையாட்டினேன்.

போல்ட் எனக்குத் தெரியும். நம் வீட்டுக் கதவிலேயே இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொள்வாரோ என்று முதலில் நினைத்தேன். எதற்கும் போனில் பார்த்தேன். முதலாவது தாழ்ப்பாள். இரண்டாவது, குதிரை மிரண்டு ஓடுவதுபோலத் திடீரென்று ஓடிவிடுவது. சரிதான். ஞாபகம் தப்பிய பெரியவர்கள் கதவு திறந்திருந்தால் வெளியே நடந்துவிடுவார்கள், ஊரிலும் பார்த்திருக்கிறேன். இந்தக் குளிரில் வெளியே போனால் அவ்வளவுதான். போனை மூடிவிட்டேன்.

பார், ஒருவரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

சாப்பாட்டு அறையில் தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. மேலே தாழ்ப்பாள். மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேதான் நிற்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு, தாத்தாமேல் வைத்த கண் எடுக்காமல். (எல்லாரும் அவரை வில்ஃப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் கூப்பிடுகிறேன். எழுதும்போதாவது தாத்தா என்று எழுதிக்கொள்கிறேன்.)

மாரீன் சொன்னது சரிதான். தாத்தாவுக்குக் கதவுமேல்தான் கண். ஒரு வாய் போடுவார், என்னைப் பார்ப்பார். இன்னொரு வாய், இன்னொரு பார்வை. தட்டு காலியானதும் எழுந்து நேராக என்னிடம் வருவார். நான் மெல்லத் தோளைப் பிடித்துத் திருப்பி அவர் அறைக்குக் கூட்டிப் போவேன். அடம் பிடிக்க மாட்டார். நல்ல பிள்ளை மாதிரி வருவார். வரும்போது ஒரு வார்த்தை சொல்கிறார்: ஓக்டன். "முடிச்சுட்டேன், ஓக்டன்." அகராதியில் தேடினேன், அப்படி ஒரு சொல்லே இல்லை. இந்தப் பக்கத்து வட்டாரப் பேச்சாக இருக்கும். அம்மா, தங்கச்சி என்கிற மாதிரி.

பசி நன்றாக எடுக்கிறது அவருக்கு. முதலில் முடிப்பது அவர்தான்.

நவம்பர் 15, சனி

மழை. பாப்பாவிடம் பேசினேன். பல் விழுந்துவிட்டதாம்.

நவம்பர் 18, செவ்வாய்

மாரீன் இன்று நான் கதவருகே நிற்பதைப் பார்த்துத் தோளில் தட்டிக் கொடுத்தார். வில்ஃபைக் கண் பிசகாமல் பார்த்துக்கொள்கிறாய், நல்ல பெண், என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரத்தில் முதல் நல்ல வார்த்தை. செல்வினுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னேம்லா, நீ பயந்து சாவாதன்னு" என்று என் வீட்டுக்காரர் தானே பாராட்டு வாங்கினதுபோலப் பேசினார்.

தாத்தாதான் கொஞ்சம் அவசரப்படுகிறார். இன்று கோழிக்கறியை மெல்லாமலே இறக்கினார், கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அடுத்தவருக்கு மாத்திரை கொடுக்கிற நேரமாகிவிட்டதா என்று. அதைப் பார்த்ததும் அவர் இரண்டு உருளைக்கிழங்கைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார். ஓடுவதற்கு அவ்வளவு அவசரம். நான் கதவோடு இன்னும் ஒட்டி நின்றேன்.

அக்கா பரிமாறும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஏன் அங்கே காவல் தெய்வம் மாதிரி நிற்கிறீர் என்று கேட்டார். வேலை அக்கா என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

எழுத முடியவில்லை. உயிரோடுதான் இருக்கிறார்.

நவம்பர் 24, திங்கள்

நேற்று மதியம் தாத்தாவுக்குத் தொண்டையில் சாசேஜ் அடைத்துவிட்டது. முதுகில் தட்டினேன், வரவில்லை. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் கை கோத்து மேல்நோக்கி இழுத்தேன். ஊரில் எத்தனையோ பேருக்குச் செய்த கைதான். ஒரு துண்டு மேசைமேல் வந்து விழுந்தது. முழுத் துண்டு, பல்லே படாமல். ஆம்புலன்ஸ் வந்தது. கொஞ்சம் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டதாம். காய்ச்சல் அடிக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

மாரீன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீ இல்லாவிட்டால் போயிருப்பார் என்றார். இன்று காலை எல்லாரும் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். ஓய்வறையில் கேக் வைத்தார்கள். நான் ஒரு துண்டு எடுத்துக் கழிப்பறைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

இத்தனை நாள் அவரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று, வில்ஃப் எப்போதும் போல்ட் பண்ணுவார், ஒரு நாள் இப்படி ஆகும் என்று தெரியும், என்று மாரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

ஓடுவதற்கும் சாசேஜுக்கும் என்ன சம்பந்தம்?

போனை எடுத்தேன். முதலாவது தாழ்ப்பாள். இரண்டாவது ஓடுவது. அன்றைக்கு நான் அங்கேயே நிறுத்தியிருந்தேன். இன்று விரலால் தள்ளினேன். மூன்றாவது: மெல்லாமல் அவசர அவசரமாக விழுங்குவது.

ஏசப்பா.

நவம்பர் 25, செவ்வாய்

ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று குளிக்கும்போது, படுக்கை விரிக்கும்போது, பஸ்ஸில், எந்நேரமும் ஒத்திகை பார்க்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் காப்பாற்றியவளாயிற்றே.

நவம்பர் 26, புதன்

லீவு நாள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருக்க முடியவில்லை.

தாத்தா மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் ஜானெட், அறுபது வயதிருக்கும். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பாவை மீட்டுத் தந்தவள் என்றார். கையை விடவே இல்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

எதையாவது பேசியாக வேண்டுமே என்று, உங்கள் அப்பா என்னை ஓக்டன் என்று கூப்பிடுவார், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

ஜானெட் முகம் மாறிவிட்டது. கையை விட்டுவிட்டு உட்கார்ந்தார். ஓக்டன் ஒரு ஆள். அப்பா பதினைந்து வயதில் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போனவர். அங்கே மேஸ்திரியாக இருந்தவன்தான் ஓக்டன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், கையில் கடிகாரம். அவன் கதவைச் சாத்துவதற்குள் தின்று முடித்து வெளியே வந்துவிட வேண்டும். வாயில் கவளத்தோடு உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ என்பான். அப்பா அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான் சாப்பிடுவார், கிறிஸ்துமஸ் விருந்தைக்கூட அப்படித்தான் விழுங்குவார், அம்மா அதற்காக அழுதே இருக்கிறாள். இத்தனையும் சொல்லிவிட்டு, செத்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது அந்தப் பாவி, இப்போது எங்கிருந்து வந்தான் என்று ஜானெட் தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

எங்கிருந்து வந்தான் என்று எனக்குத் தெரியும். கதவருகே நின்றுகொண்டிருந்தான். என் சீருடையைப் போட்டுக்கொண்டு, என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

பஸ் கிடைக்கும் வரை நிறுத்தத்தில் நின்று அழுதேன். ஒரு அம்மாள் டிஷ்யூ கொடுத்தாள்.

நவம்பர் 27, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். இங்கேயும் எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

தாத்தா சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. மேசையைப் பிடித்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, என்னை நோக்கி வந்தார். ஓடப் போகிறார் என்று நினைத்தேன். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே என்று கதவை மறைத்து இரண்டு கையையும் விரித்தேன். உட்காருங்கள் வில்ஃப், இப்போது வெளியே போக முடியாது என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். தள்ளுகிறார் என்று நானும் அவரைத் தள்ளினேன். சத்தமே இல்லை அவரிடமிருந்து. அதற்கப்புறம்தான் உதட்டைப் பார்த்தேன், நீலமாக இருந்தது.

உதவி கேட்டு வந்தவரைத் தள்ளியிருக்கிறேன்.

அந்த அறையில் எல்லாரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளினதை ஒருவரும் பார்க்கவில்லை. நான் காப்பாற்றினதை எல்லாரும் பார்த்தார்கள்.

நாளை ஹெலன் கூப்பிட்டிருக்கிறார், மாரீனையும். செல்வினிடம் முழுவதையும் சொன்னேன். அவர் சொன்னார்: "ஏட்டி, ஒன்ன யாரும் ஒண்ணும் கேக்கலல்லா? கேக்காததுக்கு நீயா ஏன் பதில் சொல்லப் போற? பாப்பா ஸ்கூல்ல எல்லாத்துட்டயும் லண்டன் போறேன்னு சொல்லிட்டுத் திரியுதா." இது லண்டன் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

அக்காவிடமும் சொன்னேன். அக்கா கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு, வாயைத் திறக்காதையும் என்றார். கொஞ்சம் கழித்து, உமக்கு வயிறு கேக்குதெண்டால் திறவும் என்றார். எது என் வயிறு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக அதற்கு ஒன்றும் போடவே இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஹெலன் அறையில் டீ கொடுத்தார்கள். ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

ஹெலன் ரொம்பப் பாராட்டினார். டாக்டரே சொன்னாராம், சரியான நேரத்தில் சரியானதைச் செய்திருக்கிறாள் என்று. என் பரீட்சைக் காலத்தை இப்போதே முடித்து, வேலையை நிரந்தரம் செய்யச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப் போகிறாராம். எனக்குக் காது அடைத்தது. பாப்பாவும் செல்வினும் விமானத்திலிருந்து இறங்கி வருவதுவரை பார்த்துவிட்டேன்.

அடுத்ததாக, வில்ஃப் அடுத்த வாரம் திரும்பி வருவார், இனி ஒவ்வொரு வேளையும் அவர் சாப்பிடும்போது ஒருவர் அருகில் நின்று கவனிக்க வேண்டும் என்றார். நீதான் ஏற்கெனவே அப்படிச் செய்துகொண்டிருந்தாயாமே, மாரீன் சொன்னார். அதையே எல்லாருக்கும் விதியாக்கிவிடலாம். நீ எங்கே நிற்பாயோ அங்கேயே நிற்கட்டும், கதவுப் பக்கம், அங்கிருந்தால் அவர் முகம் நேராகத் தெரியும். என்ன சொல்கிறாய்?

என் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. சத்தியமாக, நான் ஆட்டவில்லை, தானாக ஆடியது. இரண்டு பக்கமும் மெல்ல, நம் ஊர் ஆட்டம். ஹெலன் சந்தோசமாகப் பேனாவை எடுத்தார்.

ஒவ்வொரு வேளையும் ஒருவர். கையைக் கட்டிக்கொண்டு. கடிகாரத்தோடு. காலை, மதியம், சாயங்காலம்.

"நிக்காதீங்க" என்றேன். தமிழில் வந்துவிட்டது. மறுபடி ஆங்கிலத்தில் சொன்னேன். "யாரும் அங்கே நிக்கக் கூடாது. நின்னா அவர் செத்துப்போவார்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்காஃப், சிரிப்பு, போல்ட், இரண்டாவது அர்த்தம், தாழ்ப்பாள், ஓக்டன், கடிகாரம். கையை விரித்து மறித்ததையும் எழுந்து நின்று செய்து காட்டினேன். தள்ளினதையும் செய்து காட்டினேன். இலக்கணம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது.

ஹெலன் பேனாவை மூடி வைத்துவிட்டார். மாரீன் முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்னபோது நீ தலையாட்டினாயே என்றார். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. ஆமாம், ஆட்டினேன், காதில் விழுந்தது என்று ஆட்டினேன், புரிந்தது என்று ஆட்டவில்லை, என்றேன். வில்ஃபின் கோப்பிலும் 'போல்ட்' என்றுதானே எழுதியிருக்கிறது என்று ஹெலன் கேட்டார். ஆமாம், அதே வார்த்தைதான் எழுதியிருந்தது, அதைப் படித்துவிட்டுத்தான் இன்னும் உறுதியாகக் கதவில் நின்றேன் என்றேன்.

இதை ஹெலன், இந்த மாதிரி இல்லங்களைக் கண்காணிக்கிற கவுன்சிலுக்குச் சொல்லியாக வேண்டுமாம். வில்ஃப் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டுமாம். பதில் வரும்வரை நான் தனியாக யாரையும் கவனிக்கக் கூடாது. பரீட்சைக் காலத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. நிரந்தரம் என்கிற பேச்சு மேசைமேல் ஆறிப்போய்க் கிடந்தது.

வெளியே வந்து மாரீன் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். வேகமாகச் சாப்பிடுவார் என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும், வாயில் வரவில்லை பார், என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

செல்வின் சரியாகப் பேசவில்லை. பாப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கோயிலுக்குப் போனீர்களா என்று கேட்டேன். போனோம் என்றாள். எதற்கு ஜெபம் பண்ணினாய் என்றேன். புதுப் பல்லுக்கு என்றாள்.

டிசம்பர் 3, புதன்

தாத்தா வந்துவிட்டார். பாதியாக இளைத்துவிட்டார். இனி எல்லாம் மசித்த சாப்பாடுதான், தண்ணீர்கூடக் கொஞ்சம் கெட்டியாக்கித்தான். விதியும் மாறிவிட்டது. யாரும் நிற்கக் கூடாது, ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், தானும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு கூடவே சாப்பிட வேண்டும். அது நான் இல்லை. எனக்குத் துணிமணி மடிக்கிற வேலை.

ஜானெட் கூட வந்திருந்தார். ஹெலன் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. தாழ்வாரத்தில் எதிரே பார்த்தேன். என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். போன வாரம் விடாமல் பிடித்திருந்த கை. நியாயம்தான். துண்டுகளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

கவுன்சிலிலிருந்து பதில் இல்லை. தபால் வருகிற சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

தாத்தா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். யார் உட்கார்ந்தாலும் கதவையே பார்க்கிறாராம். ஓக்டன் எங்கே, ஓக்டன் எங்கே என்று கேட்டு, அவசர அவசரமாக ரெண்டு வாய் போட்டுவிட்டு இருமுகிறாராம். மாரீன் வந்து சொன்னார். ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வேறு யாரிடம் சொல்வது என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

மதியம் துணி அறைக்கு ஜானெட் வந்தார். வாசலிலேயே நின்றார். நான் மடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல" என்றார். "அவர் ஓக்டனைத்தான் தேடுறார். ஓக்டன் போயிட்டான்னு யாராவது அவர்கிட்ட சொல்லணும். நீ சொன்னாத்தான் நம்புவார்."

நான் தனியாகப் போகக் கூடாது என்றேன். மாரீன் அடுத்த மேசையில் இருப்பார், ஹெலனிடம் கேட்டுவிட்டேன் என்றார்.

கையை இரண்டு தடவை கழுவினேன். இன்னொரு தடவை அவருக்கு அடைத்தால், அதுவும் என் கண் முன்னால் அடைத்தால், வேலை, விசா எல்லாம் கிடக்கட்டும், நான் எப்படி மிச்ச நாளைக்குச் சோறு தின்பேன்? அக்கா ஜன்னல் வழியாக இரண்டு தட்டு நீட்டினார். மசித்த கிழங்கு, மசித்த மீன். எனக்கும் அதேதான். "மெள்ள" என்றார், அவ்வளவுதான்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

தாத்தா என்னைப் பார்த்ததும் கரண்டியை இறுக்கிப் பிடித்தார். நான் கதவுப் பக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்து, அவர் பக்கத்தில், தோளோடு தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கதவில் யாரும் இல்லை.

"ஓக்டன் எங்கே?"

"வீட்டுக்குப் போயிட்டான்" என்றேன். "இன்னிக்குக் கதவைச் சாத்த மாட்டாங்க. எனக்கும் பசிக்குது, நான் சாப்பிட்டுக்கிறேன்."

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். மென்றேன். மசித்த கிழங்கில் மெல்வதற்கு என்ன இருக்கிறது? இருந்தாலும் மென்றேன். என் ஆயுசில் ஒரு வாய்ச் சோற்றை அவ்வளவு நேரம் வைத்திருந்ததில்லை. தாத்தா என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் ஒரு கரண்டி எடுத்தார். மென்றார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வைத்தார். அடுத்த மேசையில் மாரீன் சாப்பிடவே இல்லை, ஜானெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாதித் தட்டு இப்படிப் போயிற்று. என் கண் அவர் தொண்டையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு தடவை அது ஏறி இறங்கும்போதும் என் மூச்சும் கூடவே போய்விட்டு வந்தது.

தோட்டத்துக் கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது, குளிர்காற்று கால்மேல் அடித்தது. தாத்தா இன்னொரு வாய் போட்டுக்கொண்டு, கரண்டியாலேயே அந்தப் பக்கம் காட்டினார்.

"குளிருது. போல்ட் பண்ணும்மா" என்றார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. பயத்தில் என்ன பேசுகிறேன் என்றுகூடத் தெரியவில்லை, ஒரு மாதமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"எந்த போல்ட்? கதவையா, சாப்பாட்டையா?"

தாத்தா என்னைப் பார்த்தார். கண் சுருங்கியது. தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார். வாய் நிறையக் கிழங்கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

ஐயோ ஆண்டவரே, சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க என்று தமிழிலேயே சொன்னேன். ஒரு கை அவர் முதுகுக்குப் போய்விட்டது. மாரீன் எழுந்துவிட்டார். தாத்தா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, விரலை உயர்த்தி எல்லாரையும் பொறுக்கச் சொன்னார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். தொண்டை ஏறிற்று, இறங்கிற்று.

வாயைத் திறந்து காட்டினார், ஒன்றும் இல்லை என்று, சின்னப் பிள்ளை மருந்து குடித்துவிட்டுக் காட்டுமே, அப்படி.

"கதவை" என்றார்.

எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போட்டேன். அங்கே நிற்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.